எம்ஜிபி இன்ஜின் சூடாகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை வந்தால் போதும், பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடமிருந்து ஒரே மாதிரி சந்தேகங்கள் வரத் தொடங்கிவிடும். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான, 1798 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின் கொண்ட எம்ஜிபியை வைத்துத்தான் பதில்கள். மிட்ஜெட், டிரையம்ஃப் டிஆர், ஆஸ்டின் ஹீலி போன்ற மற்ற பழைய பிரிட்டிஷ் கார்கள் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

வெப்பம் காட்டுற முள் நடுவைத் தாண்டினாலே பயமா இருக்கு. எவ்வளவு சூடு வரைக்கும் சரி?

இந்த இன்ஜினில் வழக்கமாக இருப்பது 82 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கும் தெர்மோஸ்டாட், அதாவது சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. அதனால் 80 முதல் 90 டிகிரி வரை சாதாரண ஓட்டம். கோடையில் வண்டிகள் ஊர்ந்து போகும் சாலையில் 95, 100 என்று ஏறினாலும் உடனே ஒன்றும் ஆகிவிடாது. ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 7 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) மூடியில் சுமார் 111 டிகிரி, 10 பிஎஸ்ஐ மூடியில் சுமார் 115 டிகிரி வரை தாங்கும். பாதிக்குப் பாதி ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் காக்கும் திரவம்) கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி கூடும்.

முள் ஏறி ஓர் இடத்தில் நிற்கிறதா, நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். நின்றால் வண்டியை ஓட்டலாம், வீட்டுக்கு வந்து நிதானமாகக் காரணம் தேடலாம். நிற்காவிட்டால் ஓரங்கட்டிவிடுங்கள்.

முள் காட்டுறது உண்மைதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நிறையப் பேர் ரேடியேட்டர், வாட்டர் பம்ப் எல்லாம் மாற்றிய பிறகு கேட்கிறார்கள். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கி, இன்ஜின் சூடான பிறகு தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் காட்டிப் பாருங்கள். பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். பளபளப்பில்லாத கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் அளந்தால் நம்பலாம்.

எலெக்ட்ரிக் கேஜ் (முள் உள்ள அளவுகாட்டி) உள்ள கார்களில் கேஜுக்கு 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று இருக்கிறது. அது கெட்டுப்போனாலோ, அதன் எர்த் சரியில்லாமல் போனாலோ, கேஜுக்கு முழு வோல்ட்டும் போய் முள் ஏறிவிடும். பெட்ரோல் முள்ளுக்கும் அதே ஸ்டெபிலைசர்தான். எனவே டேங்கில் இருப்பதைவிட அதிகமாகப் பெட்ரோல் காட்டுகிறது, கூடவே வெப்ப முள்ளும் மேலே நிற்கிறது என்றால் இன்ஜினைத் தொடவே வேண்டாம். ஆரம்பகால கார்களில் இருப்பது மெல்லிய செப்புக் குழாய் வழியாக வேலை செய்யும் கேஜ். அதன் முனையைக் கழற்றிக் கொதிக்கும் நீரில் வைத்துச் சரிபார்க்கலாம். கழற்றும்போது நட்டோடு சேர்ந்து குழாயும் முறுக்கிக்கொண்டால் உடைந்துபோகும். பொறுமை வேண்டும், துருவை இளக்கும் எண்ணெயும் வேண்டும்.

கார் நல்லாத்தான் ஓடுது. ஆனா நிறுத்தி சாவியத் திருப்பினதும் முள் ஏறுது. ஏன்?

வாட்டர் பம்ப் நின்றுவிட்டது, ஃபேன் நின்றுவிட்டது, ஆனால் இன்ஜினின் மேல்பகுதியான இரும்பு சிலிண்டர் ஹெட்டில் சூடு இன்னும் இருக்கிறது. அது அசையாமல் நிற்கும் தண்ணீருக்குள் இறங்குகிறது. சில நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பிப் பார்த்தால் முள் உயர்ந்திருப்பது இயல்பு. ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓட்டினால் பழைய இடத்துக்கு வரும். வராவிட்டால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

வாரா வாரம் ரேடியேட்டர்ல தண்ணி குறையுது. எங்கேயும் ஒழுகின தடமே இல்ல.

கழுத்து வரை ஊற்றுகிறீர்களா? 1976 வரை வந்த நான்கு சிலிண்டர் எம்ஜிபிகளில் தனி விரிவுத் தொட்டி கிடையாது. மொத்தக் கொள்ளளவு சுமார் ஐந்தரை லிட்டர். சூடாகும்போது அதில் ஏறக்குறைய 200 மில்லி விரிவடையும். போக இடம் இல்லாவிட்டால் மூடியைத் தூக்கிக்கொண்டு வழிகுழாய் வழியாகச் சாலையில் கொட்டும். மறுநாள் பார்த்தால் குறைவாகத் தெரியும், மறுபடி நிரப்புவீர்கள், மறுபடி கொட்டும்.

குளிர்ந்த நிலையில் கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே விட்டுவிட்டு இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். அங்கேயே நின்றால் பிரச்சினை முடிந்தது. அதற்கும் கீழே தொடர்ந்து இறங்கினால்தான் ஒழுகல் தேட வேண்டும். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை, ஹீட்டர் வால்வு, ஹீட்டர் ரேடியேட்டர் மூன்றையும் பாருங்கள். காலடி விரிப்பு ஈரமாக இருந்தால் ஹீட்டர்தான். எதுவும் இல்லை என்றால் கீழே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தாள்) பற்றிய கேள்விக்குப் போங்கள்.

மெக்கானிக் ரேடியேட்டர மாத்தணும்ங்கறார். எதுல இருந்து ஆரம்பிக்கறது?

"எப்போ சூடாகுது?" என்று அவர் உங்களிடம் கேட்டாரா? கேட்காமல் ரேடியேட்டர் விலை சொன்னால் நான் கொஞ்சம் தயங்குவேன். நின்றுகொண்டிருக்கும்போது மட்டும் சூடானால் காற்றோட்டம் அல்லது டைமிங் (தீப்பொறி விழும் நேரம்). வேகமாகப் போகும்போது மட்டும் சூடானால் நீரோட்டம் அல்லது மெலிந்த கலவை (காற்றோடு பெட்ரோல் குறைவாகச் சேர்வது). கிளம்பிய சில நிமிடங்களிலேயே என்றால் தெர்மோஸ்டாட், அடைபட்ட காற்று, அல்லது கேஸ்கெட். எப்போதும் சூடு என்றால் கேஜ், பிளாக்கில் சேறு, அல்லது பல சின்னக் குறைகள் சேர்ந்து.

ஒரு பயணத்தில் இதைக் கவனித்து எழுதிவைத்தாலே பாதி பாகங்கள் பட்டியலிலிருந்து போய்விடும். ஒரே நாளில் நான்கு பாகங்களை மாற்றாதீர்கள். எது சரிசெய்தது என்று தெரியாமல் போவதோடு, புதிய பாகம் ஒன்றே கோளாறாக இருந்தால் அதையும் கண்டுபிடிக்க முடியாது.

டிராஃபிக்ல நின்னா மட்டும் ஏறுது, நகர்ந்தா இறங்கிடுது.

நகர்ந்தால் இறங்குகிறது என்பதே ரேடியேட்டர் ஓரளவு வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. நிற்கும்போது காற்றை இழுப்பது ஃபேன் மட்டும்தான். ஃபேன் பெல்ட்டை நீளமான பகுதியில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் வழுக்குகிறது என்று பொருள். ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். திருப்பி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் போகும், ஆனால் மிகக் குறைவாகப் போகும். அதனால் கையை வைத்துப் பார்த்தால் தெரியாது; இறக்கையின் வளைவைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் ரேடியேட்டரைச் சுற்றியுள்ள நுரை அடைப்புகள். இவை நாளடைவில் உதிர்ந்துபோகும், மறுபடி பெயின்ட் அடிக்கும்போது யாரும் திரும்ப வைப்பதில்லை. இடைவெளி இருந்தால் ரேடியேட்டரைக் கடந்துவந்த சூடான காற்றே சுற்றி முன்னால் வந்து மறுபடி உள்ளே போகும். செலவு சில பவுண்டுகள்தான், பலன் அதிகம். கிரில்லுக்கு முன்னால் பெரிய விளக்குகள், கார் சங்கச் சின்னங்கள் என்று அலங்கரித்திருந்தால் அவற்றையும் ஒரு நாள் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

எனக்கு நேர்மாறு. ஊருக்குள்ள சரி, மோட்டார்வேயில 70 மைல்ல போனா ஏறிக்கிட்டே போகுது.

அந்த வேகத்தில் ஃபேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். காற்று தானாகவே வருகிறது. ஆகவே தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை, அல்லது இன்ஜின் தேவைக்கு அதிகமாகச் சூட்டை உண்டாக்குகிறது. ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் வெப்பமானியால் அளந்து பாருங்கள். வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால் தண்ணீர் மெதுவாகத்தான் போகிறது, உள்ளே அடைப்பு இருக்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது, ஆனால் காற்றுக்குச் சூட்டைக் கொடுக்கவில்லை.

கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சும் பக்கம். ஹோஸ் பழசாகி இளகியிருந்தால், ரேடியேட்டரும் பாதி அடைத்திருந்தால், இன்ஜின் வேகம் கூடும்போது அது உள்ளே சப்பி ஒட்டிக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை விட்டதும் விரிந்துவிடும் என்பதால் நின்று பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. உதவிக்கு ஒருவரை ஆக்சிலரேட்டரை அழுத்தச் சொல்லி, நீங்கள் ஹோஸைப் பாருங்கள். கையையும் உடையையும் ஃபேனிடமிருந்து தள்ளி வையுங்கள்.

ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இன்ஜினை மெதுவாகச் சுற்றவிடும் கூடுதல் கியர்) இருக்கிறதா? இல்லாமல் 70 மைலில் போனால் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,900 சுற்று சுற்றும். ஓவர்டிரைவ் இருந்தால் 3,100 சொச்சம். ஓவர்டிரைவ் வேலை செய்யாமல் போனதைக் கவனிக்காமல் கூலிங்கைக் குறைசொல்பவர்களும் உண்டு. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்பதையும் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

கிளம்பி அஞ்சு நிமிஷத்துல கொதிக்குது. ஹோஸ்லாம் மாத்தின பிறகுதான் இப்படி.

காற்று அடைபட்டிருக்கிறது. ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், அப்போதுதான் அதன் வால்வு திறந்திருக்கும். காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸை அழுத்தி அழுத்தி விடுங்கள். மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்து தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிட்டால் குமிழிகள் வெளியே வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். ஹீட்டரிலிருந்து சூடான காற்று வந்தால் வேலை முடிந்தது.

அப்படியும் கொதித்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, வெப்பமானியோடு பாத்திரத்து நீரில் போட்டுச் சூடாக்குங்கள். எழுதியிருக்கும் வெப்பநிலையில் திறக்கத் தொடங்கி, சூடு ஏற ஏற அகலமாக விரிய வேண்டும். புதிதாக வாங்கியதையும் மாட்டுவதற்கு முன் இப்படிச் சோதிப்பது நல்லது.

தெர்மோஸ்டாட்ட எடுத்து எறிஞ்சிட்டா பிரச்சினை தீர்ந்துடும்னு சொல்றாங்களே?

எதிர்த்தரப்பும் ஒன்று சொல்லும்: "தண்ணீர் வேகமாக ஓடிவிடும், ரேடியேட்டரில் குளிர நேரம் கிடைக்காது" என்று. இரண்டுமே சரியில்லை. ஓட்டம் கூடினால் ரேடியேட்டர் வெளியேற்றும் மொத்தச் சூடு குறையாது. எடுக்கக் கூடாது என்பதற்குக் காரணங்கள் வேறு. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் எண்ணெய் சீக்கிரம் அழுக்காகும், சிலிண்டர் தேயும். தெர்மோஸ்டாட் கொடுக்கும் தடையால் பிளாக்குக்குள் பம்ப் உண்டாக்கும் அழுத்தம் கூடுகிறது. அது எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி நீராவிக் குமிழிகள் உண்டாவதைத் தடுக்கிறது.

சோதனைக்காக ஒரு நாள் எடுத்து ஓட்டலாம். சூடு அப்படியே இருந்தால் தெர்மோஸ்டாட் குற்றவாளி இல்லை. பிறகு திரும்ப மாட்டிவிடுங்கள். கோடைக்கு 74 டிகிரி தெர்மோஸ்டாட் போடலாம், வெப்பநாடுகளுக்கு அப்படித்தான் பரிந்துரைத்தார்கள். ஆனால் அது முள் தொடங்கும் இடத்தைத்தான் குறைக்கும். குளிர்விக்கும் திறன் போதவில்லை என்றால் கொஞ்சம் தாமதமாக அதே இடத்துக்குத்தான் போய்ச் சேரும்.

இக்னிஷன் டைமிங்குக்கும் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. தீப்பொறி தாமதமாக விழுந்தால் எரிதல் தாமதமாகத்தான் முடியும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு எக்ஸாஸ்ட் வால்வு, ஹெட், அங்கிருந்து தண்ணீர் என்று போகிறது. காரும் மந்தமாக இருக்கும், ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்துவீர்கள், இன்னும் சூடாகும். கூலிங் பாகங்கள் எல்லாம் புதிதாக இருந்தும் சூடு குறையாத கார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ஆரம்பகால இன்ஜின்களுக்கு, இன்ஜின் ஓடாத நிலையில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி (இன்ஜின் சுழலும் கோணத்தில்) முன்னால் என்பது அமைப்பு. பிந்தைய இன்ஜின்களுக்கு மாறும், உங்கள் இன்ஜின் எண்ணுக்கு உரியதைப் பாருங்கள். டைமிங் லைட் வைத்துப் பார்ப்பதற்கு முன், புல்லியில் உள்ள குறி உண்மையிலேயே பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது நேராக வருகிறதா என்று முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிச் சரிபாருங்கள். ரப்பர் வைத்த டேம்பர் புல்லியில் வெளி வளையம் வழுக்கிவிட்டால் குறி பொய் சொல்லும், நீங்களும் பொய்யான குறிக்கு அழகாக டைமிங் வைத்திருப்பீர்கள்.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் உள்ள வாக்குவம் டப்பாவையும் பாருங்கள். கார்புரேட்டர் பக்கக் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே தட்டு நகர்ந்து, நாக்கால் குழாயை அடைத்திருக்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும். நிற்காமல் திரும்பினால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. ஒரே சீரான வேகத்தில் போகும்போது தீப்பொறி இன்னும் முன்கூட்டியே விழ வேண்டியது நடக்காமல் போய், பயணம் முழுக்கத் தாமத டைமிங்கில் ஓடும்.

இ10 பெட்ரோல் வந்த பிறகுதான் என் கார் சூடாகுது. அதுதான் காரணமா?

ஓரளவு இருக்கலாம். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட் அமைப்பில் கலவை கொஞ்சம் மெலிந்துபோகும். முன்பே மெலிந்து ஓடிய காராக இருந்தால் இது எல்லையைத் தாண்டவைக்கும். நன்றாக டியூன் செய்த கார் இதனால் மட்டும் கொதிக்காது. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் அரிக்கும் என்பதால் சூப்பர் இ5 பெட்ரோல் போடுவது எப்படியும் நல்லது.

இந்தக் கார்களில் உள்ள எஸ்யூ கார்புரேட்டரில் கலவையைப் பார்க்க, சூடான இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது கார்புரேட்டரின் அடியில் உள்ள தூக்கும் பின்னால் அதன் உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் கலவையில் பெட்ரோல் அதிகம், தடுமாறி விழுந்தால் மெலிவு, ஒரு கணம் கூடித் திரும்பினால் சரி. மெலிவு என்றால் ஜெட் நட்டை ஒரு முகம் அளவுக்கு இறக்கி மறுபடி பாருங்கள். வெளுத்துப்போன பிளக் முனையும் இதையேதான் சொல்லும். ஆனால் ஐட்லிங்கில் சரியாக இருப்பது வேகத்திலும் சரியாக இருக்கும் என்று இல்லை. ஜெட்டுக்குள் இறங்கும் ஊசி மாறியிருந்தாலோ, பெரிய ஏர் ஃபில்டர் போட்டிருந்தாலோ, வேகத்தில் மட்டும் மெலியும்.

எலெக்ட்ரிக் ஃபேன் போட்டேன். முன்னவிட மோசமாயிடுச்சு!

உங்கள் கார் எந்த ஆண்டு? 1967 இறுதிக்கு முந்தைய எம்ஜிபி என்றால் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். ஃபேனோடு வந்த தாளைப் பார்த்து, கறுப்பு ஒயரை பாடியில் இணைத்திருந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. நிற்கும்போது ரேடியேட்டரின் சூட்டை முன்னால் ஊதும், ஓடும்போது வரும் காற்றோடு சண்டை போடும். ஒரு தாளை கிரில் முன்னால் பிடியுங்கள். உள்நோக்கி இழுக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு ஒயரையும் மாற்றி இணைத்தால் போதும்.

திசை சரியாக இருந்தும் மோசம் என்றால், சின்ன ஃபேனும் அதன் பிளாஸ்டிக் சட்டமும் ரேடியேட்டரின் பெரும்பகுதியை மறைத்திருக்கலாம். மோட்டார்வேயில் மட்டும் சூடாகும் காருக்கு எலெக்ட்ரிக் ஃபேன் எந்த விதத்திலும் உதவாது என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

ரேடியேட்டரச் சுத்தம் பண்ணினா போதுமா, இல்ல அலுமினியம் வாங்கணுமா?

முதலில் குளிர்ந்த நிலையிலிருந்து ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறந்ததும் ரேடியேட்டரின் முகம் முழுக்க வெப்பமானியை நகர்த்துங்கள். இடையில் குளிர்ந்த திட்டுகள் இருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. வெளியே செதில்களை விரலால் தேய்த்துப் பாருங்கள்; பொடியாக உதிர்ந்தால், அல்லது குழாயோடு ஒட்டாமல் ஆடினால், உள்ளே எவ்வளவு சுத்தம் செய்தாலும் பயன் இல்லை.

பழைய பித்தளைத் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் புதிதாக மாற்றித் தரும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. என் தேர்வு அதுதான். அந்த நடுப்பகுதியில் உள்ள செம்பு அலுமினியத்தைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும். அலுமினிய ரேடியேட்டரின் பலன் உலோகத்தால் வருவதில்லை, அகலமான குழாய்களால் வருகிறது. மலிவான அலுமினியத்தில் அதுவும் இருக்காது. கறுப்பு பெயின்ட் அடிப்பதென்றால் மெல்லிய ஒரே பூச்சு. பளபளவென்று கனமாக அடித்தால் அது போர்வை போர்த்தியது போலத்தான்.

ரேடியேட்டர் புதுசு, பம்ப் புதுசு, டைமிங் சரி. இன்னும் சூடு குறையல.

பிளாக்கின் வலதுபுறம் பின்னால் ஒரு வடிகால் இருக்கிறது. அதைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா? பல கார்களில் ஒரு சொட்டு வராது. கம்பியை உள்ளே விட்டுக் குத்தினால் பழுப்புச் சேறு வரும், அதற்குப் பிறகுதான் தண்ணீர். ஐம்பது வருடத் துருவும் சுண்ணாம்பும் பம்பிலிருந்து தூரத்தில் உள்ள நான்காம் சிலிண்டரைச் சுற்றிப் படிகின்றன. கேஜின் முனை முன்பக்கம் இருப்பதால் பின் சிலிண்டர் படும் பாடு முள்ளில் முழுதாகத் தெரியாது.

தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, வடிகாலையும் கழற்றிவிட்டு, தோட்டத்து ஹோஸால் இரண்டு திசையிலும் மாற்றி மாற்றி அடியுங்கள். ரேடியேட்டரைத் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் பிளாக்கின் சேறு புது ரேடியேட்டருக்குள் போய்விடும். கெட்டியாகிவிட்ட சேற்றை ஹோஸ் அசைக்காது. அப்போது பக்கத்து அடைப்புத் தகடுகளைக் கழற்றிச் சுரண்ட வேண்டிவரும்.

வெறும் தண்ணி ஊத்தலாமா? தண்ணியே இல்லாத கூலண்ட் ஒண்ணு இருக்காமே?

சூட்டைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்சியது இல்லை, உண்மைதான். ஆனால் வெறும் தண்ணீர் இரும்பைத் துருவாக்கும், குளிர்காலத்தில் உறைந்து பிளாக்கையே பிளந்துவிடும். எத்திலீன் கிளைக்கால் சேர்ந்த பழைய வகை நீல ஆன்டிஃப்ரீஸ் போதும், மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை. அதற்கு மேல் கலந்தால் சூட்டைச் சுமக்கும் திறன் குறையும். ஆரஞ்சு நிற நவீன கூலண்டுகளை ஈயப்பற்று வைத்த ரேடியேட்டருக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

நீரில்லா கூலண்ட் சுமார் 180 டிகிரியில்தான் கொதிக்கும், அதனால் பொங்காது. ஆனால் அது தண்ணீரைவிடக் குறைவான சூட்டையே சுமக்கும். இன்ஜின் முன்பைவிடச் சூடாகவே ஓடலாம். பொங்கவில்லை என்பதால் உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

7 பிஎஸ்ஐ மூடிக்குப் பதிலா 15 போட்டா?

கொதிநிலை உயரும், சூடு குறையாது. கூடுதல் அழுத்தம் பலவீனமான ஹோஸ், ஹீட்டர் ரேடியேட்டர், பழைய ஈயப்பற்று என்று எது முதலில் விடுமோ அங்கே வெளிவரும். அந்த ஆண்டுக்கு உரிய மூடியையே போடுங்கள். மூடியின் ஆழத்தையும் பாருங்கள். கழுத்துகளில் இரண்டு ஆழம் உண்டு. குட்டையான மூடியை ஆழமான கழுத்தில் போட்டால் ரப்பர் உட்காரவே உட்காராது, அழுத்தம் பூஜ்யம்தான்.

ஹெட் கேஸ்கெட் போயிடுச்சான்னு உறுதியா எப்படிச் சொல்றது?

எண்ணெய் மூடியில் வெண்ணெய் போன்ற படிவு இருந்தாலே கேஸ்கெட் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். இங்கிலாந்தின் ஈரக் குளிரில் கடைக்குப் போய்வரும் அளவுக்கே ஓட்டினால் அது யாருக்கும் வரும். அளவுக் கோலில் எண்ணெயே பால் நிறமானால் கவலைப்படலாம்.

நம்பகமானது நீல திரவச் சோதனை. ரேடியேட்டர் கழுத்தில் சோதனைக் குழாயை வைத்து, உள்ளிருக்கும் காற்றை நீல திரவம் வழியாக இழுக்க வேண்டும். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். அதோடு நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் (பிஸ்டன் அழுத்தும்போது உள்ளே உண்டாகும் அழுத்தம்) அளந்து பாருங்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் விட்டிருக்கிறது. கேஸ்கெட் மாற்றியும் வாயு வந்தால் ஹெட்டில் விரிசல் தேடுங்கள். நடுவில் உள்ள இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்கள் ஒரே எக்ஸாஸ்ட் வழியைப் பகிர்கின்றன, சூடு அங்கேதான் குவிகிறது.

ஏறிக்கிட்டிருந்த முள் திடீர்னு விழுந்துடுச்சு. தானா சரியாயிடுச்சா?

உடனே நிறுத்துங்கள். கேஜின் முனை தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் கொட்டிப்போய் முனை வெறும் காற்றில் நின்றால் முள் இறங்கும், இன்ஜின் இன்னும் எரிந்துகொண்டிருக்கும்.

நடுரோட்டுல கொதிச்சா என்ன பண்றது?

கொதிப்பதற்கு முன்பே முள் ஏறுவதைப் பார்த்தால் ஹீட்டரையும் அதன் ஃபேனையும் முழுதாகப் போடுங்கள். கால் வெந்துபோகும், ஆனால் அது இன்னொரு குட்டி ரேடியேட்டர். ஆவி வரத் தொடங்கிவிட்டால் ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, பானட்டைத் திறந்து வையுங்கள். மூடியைத் தொடாதீர்கள், அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் முகத்தில் அடித்தால் தோல் கழன்றுவிடும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு, தடித்த துணி போட்டு முதல் நிறுத்தம் வரை மட்டும் திருப்பி அழுத்தத்தை விடுங்கள். சூடான பிளாக்கில் பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றாதீர்கள், இரும்பில் விரிசல் விழும்.

இங்கிலாந்துக் குளிருக்குச் செஞ்ச கார், வெயில் தாங்காதுன்னு சொல்றாங்க.

எம்ஜிபியின் பெரிய சந்தை அமெரிக்கா. கலிபோர்னியா, டெக்சாஸ் வெயிலில் ஓடிய கார் இது. ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது: ரேடியேட்டர் வெளியேற்றும் சூடு தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90, காற்று 20 என்றால் வித்தியாசம் 70. காற்று 40 ஆனால் வித்தியாசம் 50தான். திறனில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விட்டது. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷையரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளில், பாதி அடைத்த ரேடியேட்டரோடு பல வருடம் சமாளித்த கார் காட்டிக்கொடுத்துவிடும்.

பெட்ரோல் போட நிறுத்திட்டுக் கிளம்பினா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. இதுவும் ஓவர்ஹீட்டா?

இது தண்ணீர் விஷயம் இல்லை. நிறுத்திய பிறகு எழும் சூடு, மூன்றாவது பதிலில் சொன்னது, எக்ஸாஸ்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும் கார்புரேட்டரில் பெட்ரோலை ஆவியாக்குகிறது. கார்புரேட்டருக்குப் பின்னால் வெப்பத் தடுப்புத் தகடும் அதன் காப்புப் பூச்சும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த நேரத்துக்கு, சோக் இல்லாமல், ஆக்சிலரேட்டரைப் பாதி அழுத்திப் பிடித்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

என் நண்பர்கிட்ட டிரையம்ஃப் ஸ்டாக் இருக்கு. இதெல்லாம் அதுக்கும் பொருந்துமா?

எப்போது சூடாகிறது என்று கேட்கும் முறை பொருந்தும், மற்றது எல்லாம் இல்லை. ஸ்டாக்கின் வி8 இன்ஜினில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டும் வேறு அளவில் விரியும், ஹெட் எளிதில் வளைந்துவிடும். வாட்டர் பம்ப் இரண்டு வரிசைக்கும் நடுவில் உயரத்தில் இருப்பதால், மட்டம் கொஞ்சம் குறைந்தாலே காற்றை உறிஞ்சத் தொடங்கும். எம்ஜிபியில் ஒரு லிட்டர் குறைந்து வீடு வந்து சேர்ந்தவர்கள் உண்டு, ஸ்டாக்கில் அந்தத் துணிச்சல் வேண்டாம். அவருக்கு மட்டம் குறைந்தால் விளக்கு எரியும் ஒரு சென்சாரை வாங்கிப் பொருத்தச் சொல்லுங்கள், மற்ற எதையும் வாங்குவதற்கு முன்னால்.